எதிரே உட்கார்ந்திருப்பவர் யார்? படைப்பும் உறவுகளும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் ஒரு வீட்டு மொட்டை மாடியில் மாதந்தோறும் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மாலை பத்துப் பன்னிரண்டு பேர் கூடுகிறோம். கதை எழுதுகிறவர்கள், படம் வரைகிறவர்கள், பாட்டுக் கட்டுகிறவர் ஒருவர், ஓய்ந்த நேரத்தில் பொம்மை செதுக்கும் தச்சர் ஒருவர். கூட்டத்துக்குப் பெயர் வைக்கவில்லை. புதிதாக வருகிறவர்கள் கேட்பதைப் பல வருடங்களாகக் குறித்து வைத்திருக்கிறேன். கதையை எப்படி முடிப்பது, வண்ணத்தை எப்படிக் கலப்பது என்று கேட்பவர்கள் குறைவு. அப்பா, மனைவி, மாமியார், பழைய நண்பன், கண்டுகொள்ளாத ஊர் என்று மனிதர்களைப் பற்றியே கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு என் பதில்கள் இவை. நான் ஆராய்ச்சியாளன் இல்லை. அச்சகத்தில் இருபத்தாறு வருடம் மெய்ப்புத் திருத்தியவன். அடுத்தவர் எழுத்தை அச்சுக்கு முன்பே படித்தவன் என்ற அளவில் இதைப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

கேள்வி: எழுதுவதும் வரைவதும் தனியாக உட்கார்ந்து செய்கிற வேலை. இதில் மற்றவர்களுக்கு என்ன இடம்?

கை ஓடும்போது தனிமைதான். ஆனால் கை ஓடத் தொடங்கும் முன்பே, இதை யாரிடம் சொல்லப்போகிறோம் என்பது உள்ளே முடிவாகிவிடுகிறது. கேட்கப்போகிறவர் மாறினால் சொல்வதும் மாறிவிடுகிறது. இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, ஒரு கோவில் கொடை விழாவில் கண்ணால் பார்த்தேன்.

தாமிரபரணிக் கரையில் ஒரு சிற்றூர். இசக்கியம்மன் கொடை, இரவு ஒரு மணி கடந்துவிட்டது. வில்லுப்பாட்டில் நடுவே இருப்பவர் வீசுகோலால் நாணைத் தட்டிக் கதை சொல்கிறார். வில்லில் கட்டிய மணிகள் குலுங்குகின்றன. குடம், உடுக்கை, தாளம் எல்லாம் கூடவே போகின்றன. பக்கத்தில் இருப்பவர் ஒவ்வொரு வரிக்கும் ‘ஆமாம்’ என்கிறார், ‘அப்படியா’ என்கிறார், ‘பிறகு என்ன ஆனது’ என்கிறார். அந்தப் பெரியவர் தேநீர் குடிக்க எழுந்துபோனார். அவர் இடத்தில் ஒரு பையன் வந்து உட்கார்ந்தான். பையன் தாளம் தவறவில்லை. ‘ஆமாம்’ சரியான இடத்தில் விழுந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அவன் கதையைக் கேட்கவில்லை, பந்தல் ஓரத்துப் பலூன்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தான். கதை மெலிந்தது. தான் நம்பியவனைத் தேடிக் கதைநாயகி காட்டு வழியே நடந்துபோகும் கட்டத்தைப் பாடகர் நான்கு வரியில் கடந்துவிடப் பார்த்தார். பெரியவர் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்ததும், “தனியாகவா போனாள்?” என்று கேட்டார்.

பாடகர் நாணை ஒருமுறை ஓங்கித் தட்டி நிறுத்தினார். பிறகு காடு வந்தது. கொலுசுச் சத்தம் வந்தது. பின்னால் யாரோ வருவதுபோல் அவள் திரும்பிப் பார்த்தது வந்தது. பின்னால் அவள் கொலைக்குச் சாட்சியாக நிற்கப்போகும் கள்ளிச் செடி முன்கூட்டியே வந்து வழியோரத்தில் நின்றது. கால் மணி நேரம் அந்தக் காட்டை விட்டு யாரும் வெளியே வரவில்லை. முன்பு பாடியவைதானா, அந்த நேரத்தில் பிறந்தவையா என்று மறுநாள் காலையில் அவரிடமே கேட்டேன். “அவர் கேட்டார், சொன்னேன்” என்பதற்கு மேல் அவரிடமிருந்து பதில் வரவில்லை.

ஊர்ப் பேச்சில் ‘ஆமாம் போடுகிறவன்’ என்றால் வசை. வில்லில் அது ஒரு தொழில், அதற்குக் கூலி உண்டு. உறவும் படைப்பும் பற்றி யார் என்ன கேட்டாலும் எனக்கு அந்தப் பெரியவரும் அந்தப் பையனும்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

கேள்வி: வீட்டில் ஒருவருக்கும் இதில் ருசி இல்லை. இப்படிப்பட்ட வீட்டிலிருந்து ஒருவர் வளர முடியுமா?

முடியும். ருசி இல்லாத வீட்டைவிட, தன் ருசியைத் திணிக்கும் வீடு சில சமயம் பெரிய தொல்லை. எங்கள் கூட்டத்துக்கு வந்த ஒரு பையனுடைய தந்தை நன்றாக வரைவார். பையன் ஒரு கோடு போட்டால் அவர் பென்சிலை வாங்கி அதைத் திருத்திவிடுவார். பையன் இப்போது புல்லாங்குழல் வாசிக்கிறான். அந்த வீட்டில் வேறு யாருக்கும் புல்லாங்குழல் வாசிக்கத் தெரியாது என்பதே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதற்கு நேர்மாறான வீடு ஒன்றைத் திருநெல்வேலி டவுண் பார்த்திருக்கிறது. சுடலைமாடன் கோவில் தெருவில் வாழ்ந்த தி.க. சிவசங்கரன் மார்க்சியப் பார்வை கொண்ட விமரிசகர், ‘தாமரை’ இதழின் ஆசிரியப் பொறுப்பில் இருந்தவர். அவருடைய மகன் கல்யாணசுந்தரம், வண்ணதாசன் என்ற பெயரில் எழுதிய கதைகளில் கோஷம் கிடையாது. ஒரு கை அசைவு, ஒரு பழைய நாற்காலி, சொல்லாமல் விட்ட ஒரு சொல் என்று அவை வேறு திசையில் போயின. தந்தைக்கு 2000இல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது, மகனுக்கு 2016இல். இரண்டு ருசிகள் ஒரே வீட்டில் சேர்ந்து வாழ முடிந்திருக்கிறது. புத்தகமும் பத்திரிகையும் புழங்கிய வீடு என்பதை மறக்கக் கூடாது. ஆனால் மகன் தந்தைபோல எழுதவேண்டியிருக்கவில்லை என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

என் வீட்டில் புத்தகமும் இல்லை. அப்பா அரிசி ஆலையில் கணக்கு எழுதியவர். என் முதல் கதையை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் முறத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டே கேட்டாள். முடிந்ததும், நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. “முதலில் ஓர் ஆடு காணாமல் போனதே, அது கிடைத்ததா?” என்றாள். நான் அந்த ஆட்டை மறந்தே போயிருந்தேன். கதை முழுவதையும் திரும்ப எழுதினேன். அவளுக்கு இலக்கிய ருசி இருந்ததா என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. ஆட்டைப் பற்றிய கவலை இருந்தது.

கேள்வி: ஒரே ஒரு நண்பர் இருந்தால் போதுமா, அல்லது குழுவாக இருக்க வேண்டுமா?

ஒருவர் போதும், அவர் சரியானவராக இருந்தால். இந்தச் சீமையில் இதற்கு எடுத்துக்காட்டு இடைசெவல். கோவில்பட்டிக்குப் பக்கத்தில் உள்ள கரிசல் காட்டுச் சிற்றூர். 1986இல் மாவட்டம் பிரிந்தபோது அது திருநெல்வேலியை விட்டுப் போய்விட்டது என்றாலும், பழைய நெல்லைச் சீமைக்காரர்களாகிய நாங்கள் அதை விட்டுக்கொடுப்பதில்லை. அங்கே பிறந்த கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் சிறுவயது முதலே நண்பர்கள். இருவருக்கும் முதல் பித்து எழுத்து அல்ல, சங்கீதம். விளாத்திகுளம் சுவாமிகளின் பாட்டைத் தேடிப்போய்க் கேட்ட காதுகள் அவை.

அழகிரிசாமி முதலில் எழுதத் தொடங்கிச் சென்னைக்குப் போனார், பிறகு மலாயாவுக்குப் பத்திரிகை வேலைக்குப் போனார். ராஜநாராயணன் ஊரிலேயே விவசாயியாக இருந்தார். நடுவில் கடிதங்கள் ஓடின. அழகிரிசாமி எழுதியவை பிற்பாடு நூலாகவே வந்தன. ராஜநாராயணன் சிறுகதைக்கு வந்தபோது வயது முப்பதுகளின் நடுப்பகுதி. அழகிரிசாமிக்கு மறைவுக்குப்பின் 1970ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதமி விருது, ராஜநாராயணனுக்கு 1991இல் அதே விருது. ஒரு சின்னக் கிராமத்துக்கு இரண்டு.

இதை நட்பின் பெருமையாக மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. அந்த நட்பில் என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும். ஒருவர் விவசாயியை ‘சம்சாரி’ என்று எழுதினால் மற்றவருக்கு விளக்கம் தேவையில்லை. கரிசல் மண் மழையில் காலில் எப்படி ஒட்டும் என்பது இருவருக்கும் தெரியும். வெளியூர் வாசகருக்காக எழுதும்போது நாம் எத்தனை இடங்களில் சொல்லை மாற்றிப் பொதுச் சொல் போடுகிறோம் என்பதை மெய்ப்புத் திருத்திய எனக்குத் தெரியும். விளக்கம் கேட்காத ஒரு வாசகர் எங்கோ இருக்கிறார் என்ற தைரியம்தான் வட்டாரச் சொல்லைத் தாளில் இறங்கவிடுகிறது.

நண்பர் போன பிறகும் வேலை செய்கிற நட்பு உண்டு. புதுமைப்பித்தன் 1948இல் மறைந்தார். அவர் வாழ்க்கையை 1951இல் நூலாக எழுதிய தொ.மு.சி. ரகுநாதனுக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை.

கேள்வி: நான்கு பேர் கூடிப் பேசினால் யோசனைகள் பெருகும் என்கிறார்களே?

பேசினால் உற்சாகம் பெருகும், அதில் சந்தேகம் இல்லை. யோசனை பெருகுமா என்பதை அளந்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்க விளம்பரத் துறைக்காரரான அலெக்ஸ் ஆஸ்பர்ன் இந்தக் கூட்டு யோசனை முறையை 1950களில் பரப்பினார். 1958இல் யேல் பல்கலைக்கழகத்தில் சோதித்தார்கள்: சேர்ந்து உட்கார்ந்த நால்வரைவிட, தனித்தனியாக யோசித்த நால்வரின் பட்டியல்களைச் சேர்த்தால் யோசனைகள் அதிகம். 1987இல் டீல், ஸ்ட்ரோப் என்ற இருவர் காரணத்தைத் தேடினார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டியிருக்கிறது. காத்திருக்கும்போது வந்தது போய்விடுகிறது. கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து ஒரு நல்ல விஷயத்தைச் சொல்ல வாய்ப்புத் தேடியவர்களுக்கு இது தெரிந்த அவஸ்தைதான்.

அதனால் எங்கள் மாடியில் முதல் இருபது நிமிடம் யாரும் பேசுவதில்லை. அவரவர் தாளில் எழுதுகிறோம் அல்லது வரைகிறோம். பேச்சு அதற்குப் பிறகுதான்.

கேள்வி: வட்டத்தொட்டி போல ஒரு கூட்டத்தை இன்று நடத்த முடியுமா?

இந்தக் கேள்வியைக் கேட்காத திருநெல்வேலிக்காரர் இல்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ரசிகமணி டி.கே.சி. என்கிற டி.கே. சிதம்பரநாத முதலியார் (1882–1954) வண்ணார்பேட்டையில் தம் வீட்டில் ஞாயிறு மாலைகளில் நண்பர்களைக் கூட்டினார். வீட்டின் தொட்டிக்கட்டு முற்றத்தில் நடந்த அந்தக் கூட்டத்துக்கு வட்டத்தொட்டி என்ற பெயர் நிலைத்தது. கம்பன் பாட்டு ஒன்றை எடுத்துக்கொள்வார். அவசரம் இல்லாமல், ஒரே அடியைத் திரும்பத் திரும்பச் சொல்லி, அதில் ஒரு சொல் எங்கே நிற்கிறது என்று காட்டுவார். பிறகு அவர் குற்றாலத்தில் குடியேறினார். அங்கும் கூட்டம் தொடர்ந்தது. ராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடி வந்தார்கள்.

அந்தக் கூட்டம் என்ன விளைவித்தது? தொ.மு. பாஸ்கரத் தொண்டைமானை எடுத்துக்கொள்ளுங்கள். அரசு அதிகாரி. டி.கே.சி. பாட்டை ருசித்த அதே முறையில் அவர் கோயிலையும் சிலையையும் பார்க்கப் பழகினார். ‘வேங்கடம் முதல் குமரி வரை’ என்று ஊர் ஊராக எழுதினார். தஞ்சாவூரில் கவனிப்பாரற்றுக் கிடந்த சிலைகளைத் திரட்டிக் கலைக்கூடம் அமைத்ததில் அவர் பங்கு பெரிது. ஒரு முற்றத்தில் கற்ற ருசி பாட்டிலிருந்து கல்லுக்குத் தாவியதைத்தான் நான் வட்டத்தொட்டியின் பெரிய சாதனை என்பேன்.

இனி மறுபக்கம். டி.கே.சி. தம் ருசிக்கு ஒத்துவராத கம்பன் பாடல்களைக் கம்பன் பாடியவை அல்ல என்று ஒதுக்கினார், சில இடங்களில் சொற்களையும் மாற்றினார். தமிழறிஞர்கள் பலர் அதை ஏற்கவில்லை. நானும் ஏற்கவில்லை. அவ்வளவு அன்பான, அவ்வளவு நகைச்சுவையான ஒருவர் நடுவில் உட்கார்ந்து ஒரு பாட்டை ‘இது கம்பன் இல்லை’ என்றால், எதிரே இருப்பவர் ‘இருக்கட்டுமே ஐயா’ என்று சொல்வது எளிதா? சொன்னவர்களும் இருந்திருக்கலாம். ஆனால் கூட்டத்தின் சூடு ஒரே ஆளிடமிருந்து வரும்போது மற்றவர்கள் குளிர்காய்பவர்களாக ஆகிவிடுகிறார்கள். வில்லுப்பாட்டில் ‘ஆமாம்’ சொல்கிறவர் கேள்வியும் கேட்கிறார். இங்கே கேள்வி உதிர்ந்து ‘ஆமாம்’ மட்டும் எஞ்சும் ஆபத்து இருக்கிறது.

நடத்தத்தான் வேண்டும் என்றால், என் அனுபவத்தில் தேறிய மூன்று விஷயங்கள்: தலைமை மாறிக்கொண்டே இருக்க வேண்டும். மிகவும் மதிக்கப்படுகிறவர் கடைசியில் பேச வேண்டும். இருட்டுக்கடை வாசலில் நின்று அல்வா வாங்கி வருவதாகச் சொல்லும் நண்பரை நம்பிக் கூட்டத்தைத் தாமதமாகத் தொடங்கக் கூடாது.

கேள்வி: நெருங்கிய நண்பர்களைவிட, முகம் மட்டும் தெரிந்தவர்களிடமிருந்துதான் புதியது வருகிறது என்பது உண்மையா?

பெரும்பாலும் உண்மை. மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973இல் இதை வேலை தேடுவதை வைத்துச் சொன்னார். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்திருக்கும். எப்போதாவது பார்க்கிறவர்தான் நாம் அறியாத செய்தியைக் கொண்டுவருகிறார். பிறகு வந்தவர்கள் இதைப் படைப்புக்கும் பொருத்திப் பார்த்தார்கள். நியூயார்க் பிராட்வே இசை நாடகங்களை ஆராய்ந்த உஸ்ஸி, ஸ்பைரோ ஆகியோர் 2005இல் சுவையான ஒன்றைக் கண்டார்கள். ஒருவரையொருவர் அறியாதவர்களே நிறைந்த சூழலில் நாடகம் தேறவில்லை. எல்லாரும் எல்லாரோடும் ஏற்கெனவே வேலை செய்து பழகிப்போன சூழலிலும் தேறவில்லை. பழையவர்களும் புதியவர்களும் ஓரளவு கலந்திருந்தபோதுதான் நன்றாக வந்தது.

பாரதியை இப்படிப் பார்க்கலாம். எட்டயபுரம் அவருக்குப் பதினோரு வயதில் ‘பாரதி’ என்ற பட்டத்தைக் கொடுத்தது. அரண்மனையும் புலவர்களும் சூழ்ந்த நெருக்கமான வட்டம். ஆனால் குயில் பாட்டும் கண்ணன் பாட்டும் பாஞ்சாலி சபதமும் 1908க்குப் பிறகு புதுச்சேரியில் பிறந்தவை. அங்கே அரவிந்தர் இருந்தார், வ.வே.சு. ஐயர் இருந்தார், வேறு மொழியும் வேறு ஆட்சியும் இருந்தன. பட்டம் கொடுத்த ஊரிலேயே அவர் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. எனக்கு ஒரு சந்தேகம் உண்டு, அவ்வளவே.

அஞ்சலட்டை ஒன்று போதும், அதுவும் ஓர் உறவுதான். முன்பு சொன்ன தி.க.சி. எங்கோ ஒரு சிற்றிதழில் முதல் கதை எழுதிய முகமறியாத இளைஞருக்குக்கூட அட்டை போடுவார். அட்டையில் நாலு வரிதான் பிடிக்கும். நாலு வரிக்கு மேல் சொல்ல முடியாது என்பதே அதன் நன்மை. பெற்றவர் அதற்கு அடிமையாகிவிடாமல் அடுத்த கதையை எழுதப் போய்விடலாம்.

எங்கள் தச்சரின் பொம்மைகளில் முழங்கால் சரியாக வந்ததற்குக் காரணம் எங்களில் யாரும் இல்லை. ரயில் நிலையத்துக்கு வெளியே சைக்கிள் பழுதுபார்க்கும் ஒருவர், மிதிக்கும்போது கால் எங்கே மடங்குகிறது என்று காட்டியதுதான்.

கேள்வி: பாராட்டு படைப்பைக் கெடுக்குமா?

பாராட்டு கெடுப்பதில்லை, பாராட்டுக்காகக் காத்திருப்பதுதான் கெடுக்கிறது. தெரசா அமபைல் என்ற உளவியலாளர் 1985இல் 72 இளம் எழுத்தாளர்களை வைத்து ஒரு சோதனை செய்தார். எல்லாரும் முதலில் ஒரு குறுங்கவிதை எழுதினார்கள். பிறகு ஒரு பகுதியினருக்கு, புகழ், பணம், மற்றவர் மதிப்பு போன்ற வெளிக் காரணங்கள் அடங்கிய பட்டியலைக் கொடுத்து வரிசைப்படுத்தச் சொன்னார். சில நிமிட வேலைதான். அதன்பின் அவர்கள் எழுதிய இரண்டாவது கவிதை தரம் குறைந்திருந்தது. எழுதும் இன்பம் போன்ற உள்காரணங்களை நினைத்தவர்களிடம் அந்தச் சரிவு இல்லை. சில நிமிட நினைப்பே இவ்வளவு செய்யும் என்றால், காலையிலிருந்து இரவு வரை கைப்பேசியில் விருப்பக் குறிகளை எண்ணுகிறவரின் நிலையை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

“அப்படியானால் ஜமீன்தார்களை நம்பிப் பாடியவர்கள் எப்படி நன்றாகப் பாடினார்கள்?” என்று ஒரு பெண் எதிர்க்கேள்வி போட்டார். நியாயமான கேள்வி. சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் இருபதுகளிலேயே மறைந்தவர். ஊற்றுமலை ஜமீன்தார் இருதாலய மருதப்பத் தேவரின் ஆதரவில் இருந்தார். ஜமீன்தார் கழுகுமலை முருகனுக்குக் காவடி எடுத்துப் போனபோது, வழிநடையில் பாடுவதற்காக ரெட்டியார் காவடிச் சிந்து பாடினார் என்று சொல்கிறார்கள். ஆதரவு ஜமீன்தாருடையது. ஆனால் அந்தச் சிந்தின் துள்ளல் அரண்மனைக்கு உரியதல்ல, தோளில் காவடியோடு நடப்பவனின் காலுக்கு உரியது. சோறு போட்டவரைப் பார்த்துக்கொண்டே பாடாமல், கூட நடப்பவர்களின் அடியைக் கேட்டுப் பாடியிருக்கிறார். அதனால்தான் ஜமீன் போன பிறகும் பாட்டு நடந்துகொண்டிருக்கிறது.

கேள்வி: பொறாமை, சண்டை?

இரண்டும் இருக்கும். ‘மணிக்கொடி’ இதழில் எழுதிய புதுமைப்பித்தனும் நண்பர்களும், பிறமொழிக் கதைகளைத் தழுவி எழுதுவது பற்றிக் கல்கியோடு மோதினார்கள். தமிழ்ச் சிறுகதை அதனால் செத்துப்போகவில்லை. எழுத்தைப் பற்றிய சண்டை உரம். சாதியையும் குடும்பத்தையும் இழுக்கும் சண்டையில் நான் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவேன்.

கேள்வி: உறவினர்களை வைத்து எழுதினால் உறவு கெடாதா?

கெடும். எனக்குக் கெட்டது. பெரியம்மா மகன் ஒருவர், கடன் கேட்கப் போகுமுன் கண்ணாடி முன் நின்று சிரித்துப் பழகிக்கொள்வார். அதை ஒரு கதையில் வைத்தேன். பெயரை மாற்றினேன், ஊரை மாற்றினேன், மீசையை எடுத்தேன். பத்திரிகை வந்த மூன்றாம் நாள் அவர் வாசலில் வந்து நின்று, “மீசையை எடுத்துவிட்டால் தெரியாது என்று நினைத்தாயா?” என்று கேட்டார். மூன்று வருடம் எந்த விசேஷத்துக்கும் அழைப்பு இல்லை. நான்காவது வருடம் அவர் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தார். தாம்பாளத்தைக் கையில் வைத்துக்கொண்டே, “அந்தக் கதையில் நான் கடனைத் திருப்பிக் கொடுத்ததை ஏன் எழுதவில்லை?” என்றார்.

அவர் சொன்னது சரி. கதை கேலியில் நின்றுவிட்டது. அவர் கடனை அடைத்த விதத்தில்தான் அவர் யார் என்பது இருந்தது. இதற்கு நான் ஒரு விதி சொல்ல மாட்டேன். ஆனால் இப்போது யாரையாவது எழுதினால், அவர் வாசலில் வந்து நின்று கேட்கப்போகும் கேள்வியை முதலிலேயே எனக்குள் கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: உறவுகள்தான் என் நேரத்தைத் தின்கின்றன. அவற்றால் படைப்பு வளரும் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

இதைக் கேட்டவர் ஓர் ஆசிரியை. இரண்டு குழந்தைகள், படுக்கையில் இருக்கும் மாமனார். இதை ஆண்கள் யாரும் என்னிடம் கேட்டதில்லை. எங்கள் பன்னிரண்டு பேரில் பெண்கள் மூவர். ஆறரை மணிக்கு அவர்கள் கைப்பை தேடத் தொடங்கிவிடுகிறார்கள். ஆண்கள் எட்டு மணி வரை உட்கார்ந்து தனிமையின் அவசியத்தைப் பற்றிப் பேசுகிறோம். அந்தத் தனிமைக்கு வீட்டில் யாரோ அடுப்பெரித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே அவருடைய கேள்விக்கு என் முதல் பதில்: நீங்கள் சொல்வது உண்மை, உறவு தின்னவும் செய்யும்.

இரண்டாவது பதிலாகப் பத்தமடையில் பார்த்த ஒன்றைச் சொன்னேன். கோரையை ஆற்றுநீரில் ஊறவைத்து, மெல்லியதாகக் கிழித்து நெய்யும் பட்டுப் பாய்க்குப் பெயர்போன ஊர். கல்யாணப் பாயில் மணமக்கள் பெயரையும் நெய்து தருவார்கள். நெய்கிறவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம் பெண்கள். ஒரு வீட்டில் மருமகள் நெய்துகொண்டிருந்தார். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து சாயம் ஏற்றிய கோரையை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். கரை வேலையில் சிவப்பு வர வேண்டிய இடத்தில், மாமியார் நீட்டிய சிவப்பை வாங்காமல் மருமகள் தானாகவே ஒரு பச்சையை எடுத்துச் செருகினார். மாமியார் பார்த்தார். நான் சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன். அவர் கையிலிருந்த சிவப்பைக் கீழே வைத்துவிட்டு அடுத்த பச்சையைத் தேடி எடுத்து நீட்டினார். இருவரும் ஒரு சொல் பேசவில்லை. சமையலுக்கும் தொழுகைக்கும் குழந்தை அழுகைக்கும் இடையில் கிடைத்த ஒரு மணி நேரம் அது.

ஆசிரியை கேட்டுவிட்டு, “அந்த மாமியார் எல்லா வீட்டிலும் கிடைக்க மாட்டார்” என்றார். ஒத்துக்கொண்டேன். அடுத்த மாதத்திலிருந்து கூட்டத்தை நான்கு மணிக்கே தொடங்குகிறோம். நாங்கள் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

கேள்வி: ஆசானை எப்போது விட்டுப் பிரிவது?

நாதஸ்வரத்தில் இதற்கு ஓர் ஏற்பாடு உண்டு. மாணவர் ஆசானுக்குப் பக்கத்தில் துணை நாயனம் பிடித்துக்கொண்டு வருடக்கணக்கில் வாசிக்கிறார். ஆசான் விட்ட இடத்தில் எடுக்கிறார், ஆசான் எடுக்கும்போது விடுகிறார். காருகுறிச்சி அருணாசலம் (1921–1964) திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையிடம் அப்படிப் பயின்றவர். காருகுறிச்சி சேரன்மகாதேவிப் பக்கத்து ஊர், ஆசானின் தஞ்சை மரபோ காவிரிக்கரைக்கு உரியது. அவ்வளவு பெரிய நிழலில் நின்றும் தமக்கென்று ஓர் இழைவான நாதத்தை அவர் கண்டெடுத்தார். 1962இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’யில் எஸ். ஜானகியின் குரலோடு அவர் நாயனம் போட்டியிடுவதைக் கேட்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பிரிய வேண்டிய நாள் எது என்று கேட்டால், ஆசான் என்ன சொல்வார் என்பது கேட்காமலே தெரிந்துவிட்டால் அடுத்த படைப்பை அவரிடம் காட்டாமல் ஒருமுறை வெளியிட்டுப் பாருங்கள் என்பேன். வருத்தப்பட்டால் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பாருங்கள்.

கேள்வி: எனக்கு யாரோடும் சேரவே பிடிக்காது. இது குறையா?

இல்லை. இரண்டு வருடமாக எங்கள் மாடியில் ஓர் ஓரத்தில் உட்கார்ந்து, ஒரு சொல்லும் பேசாமல் வரைந்துவிட்டுப் போகிறவர் ஒருவர் இருக்கிறார். வராத மாதம் எல்லாரும் அவரைத்தான் விசாரிக்கிறார்கள்.

கேள்வி: உங்கள் கூட்டத்துக்கு வர என்ன செய்ய வேண்டும்?

கட்டணம் இல்லை. முடிக்காத வேலை ஒன்றைக் கையில் கொண்டுவர வேண்டும். முடித்ததைக் கொண்டுவந்தால் பாராட்டு மட்டும்தான் கிடைக்கும், அதற்கு உங்கள் தெருவே போதும். நீங்கள் படிக்கும்போது எதிரே ஒருவர் உட்காருவார். அவர் நன்று, தீது என்று சொல்லக் கூடாது, ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். அடுத்து அவர் படிக்கும்போது நீங்கள் எதிரே உட்கார வேண்டும். சுக்குக் காப்பி கிடைக்கும், கருப்பட்டி போட்டது. மாடிப்படியில் ஏழாவது படி உடைந்திருக்கிறது, இருட்டுவதற்கு முன்பே வந்துவிடுங்கள்.